ஜெர்மனியில் முதல் வங்கிக் கணக்கு: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2024 அக்டோபர் தொடக்கத்தில் முதுகலைப் படிப்புக்காக ஜெர்மனியில் வந்து இறங்கினேன். என் பெயரில் பிளாக்டு அக்கவுண்டில், அதாவது விசாவுக்காக முன்கூட்டியே போட்டு மாதாமாதம் கொஞ்சம் மட்டும் எடுக்க முடிகிற கணக்கில், 11,904 யூரோ கிடந்தது. பையில் 600 யூரோ. அந்த 600 யூரோவை வைத்து ஆறு வாரம் ஓட்டினேன். வாடகையை அப்பா ஊரிலிருந்து நேரடியாக வீட்டுக்காரருக்கு அனுப்பினார். என் பணத்தை நானே தொட முடியவில்லை. பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதப் பணம் விழ வேண்டுமென்றால் ஒரு சாதாரண வங்கிக் கணக்கு வேண்டும், அது என் கைக்கு வந்து சேரவில்லை.

வங்கி என்னை மறுக்கவில்லை. கணக்கே திறந்துவிட்டார்கள். அட்டையைத் தபாலில் அனுப்பினார்கள், அது திரும்பிப் போய்விட்டது. தபால் பெட்டியில் நான் ஒட்டியிருந்தது என் பெயர். கடிதம் வந்ததோ என் அப்பா பெயருக்கு. பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது, ஜெர்மனியில் கடிதம் சர்நேமுக்குத்தான் வரும். தபால்காரர் பெட்டி வரிசையைப் பார்த்தார், அப்படி ஒருவர் இந்தக் கட்டடத்தில் இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு வாரம் ஆனது.

படிப்புக்கோ வேலைக்கோ நீண்ட கால விசாவில் வருபவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் காகிதத்தைக் கேட்கும்.

1. கிளம்புவதற்கு முன்: பெயர், ஓடிபி, கைக்காசு

முதலில் பாஸ்போர்ட்டைத் திறந்து சர்நேம் கட்டத்தைப் பாருங்கள். நம்மில் பலருக்கு அது காலியாக இருக்கும், முழுப்பெயரும் கிவன் நேமில் போயிருக்கும். ஜெர்மன் படிவங்களில் முதல் பெயர், குடும்பப் பெயர் இரண்டும் கட்டாயக் கட்டங்கள். ஒன்றைக் காலியாக விட்டால் இணையப் படிவம் அடுத்த பக்கத்துக்கே போகாது. அப்போது நீங்கள் ஏதாவது ஒன்றை நிரப்புவீர்கள், நகர அலுவலகம் வேறொன்றை நிரப்பும், வங்கி மூன்றாவதாக ஒன்றை நிரப்பும். ஒரே ஆளுக்கு மூன்று பெயர். பிறகு ஒவ்வொரு இடத்திலும் 'இது நீங்கள்தானா' என்று நிற்க வேண்டியதுதான்.

விசாவுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால், பாஸ்போர்ட்டில் சர்நேமைச் சேர்த்து மறுவெளியீடு வாங்கிவிடலாம். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாய்தான் கட்டணம். விசா ஒட்டிய பிறகு இதைத் தொடாதீர்கள். நேரமில்லையா, விசா ஸ்டிக்கரில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். இனிஷியலை நீங்களாக விரிக்கவும் வேண்டாம், சுருக்கவும் வேண்டாம்.

அடுத்தது, ஊர் வங்கியின் டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆப்பில் இயக்கிவிட்டு விமானம் ஏறுங்கள். புதிய அட்டைகளில் அது அணைக்கப்பட்டுத்தான் வரும். ஓடிபி வரும் இந்திய சிம்மில் ரோமிங் இருக்க வேண்டும், குறுஞ்செய்தி வந்தால் போதும். என் நண்பர் ஒருவர் சிம்மை வீட்டில் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்தார். ஒவ்வொரு முறை பணம் அனுப்பவும் தம்பி தூங்கி எழும்வரை காத்திருப்பார்.

கைச்செலவுக்கு இரண்டு மாதத்துக்கானது தனியாக இருக்கட்டும், கொஞ்சம் ரொக்கமாக, மீதி ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணம் ஏற்றிய அட்டை). ஃபாரெக்ஸ் கார்டு கடையில் செலவழிக்க உதவும். அது வங்கிக் கணக்கு ஆகாது, அதில் சம்பளம் போட முடியாது.

2. முகவரியும் தபால் பெட்டியும்

ஜெர்மனியில் பெரும்பாலான அடுக்குமாடிகளில் வீட்டுக் கதவு எண் முகவரியில் வராது. தெரு, கட்டட எண், ஐந்து இலக்க அஞ்சல் எண், ஊர், அவ்வளவுதான். அந்தக் கட்டடத்தில் இருபது குடும்பம் இருந்தாலும் தபால்காரருக்கு ஒரே அடையாளம் பெட்டியில் உள்ள பெயர்தான். அதனால் வீட்டுக்குள் பயணப் பெட்டியை இறக்கிய அன்றே செய்ய வேண்டிய வேலை, ஒரு துண்டுக் காகிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள சர்நேமை எழுதித் தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டுவது. உங்களைக் கூப்பிடும் பெயரையும் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், தவறில்லை. வீட்டுக்காரர் அழகான உலோகப் பலகை செய்து தருகிறேன் என்பார். அது வர மூன்று வாரம் ஆகும். அதுவரை செல்லோடேப் போதும்.

இன்னொருவர் வாடகை வீட்டில் ஓர் அறையில் தங்குகிறீர்கள், பெட்டியில் பெயர் ஒட்ட விடமாட்டேன் என்கிறார்கள் என்றால், நம் ஊர்க் கடிதங்களில் மே/பா போடுவோமே, அதே முறை இங்கும் உண்டு. வங்கிப் படிவத்தில் கூடுதல் முகவரி வரி என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் வீட்டில் குடியிருப்பவரின் பெயரைப் போடுங்கள். ஆனால் எல்லா வங்கியும் இதை ஏற்பதில்லை.

வீடு தேடும்போதே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: 'இந்த முகவரியில் ஆன்மெல்டுங் (முகவரிப் பதிவு) செய்ய முடியுமா?' முடியாது என்றால் அந்த அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் யோசியுங்கள். ஏன் என்பது அடுத்த படியில் தெரியும்.

3. ஆன்மெல்டுங்: முகவரிப் பதிவு

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். அலுவலகத்தின் பெயர் பியூர்கராம்ட், சில ஊர்களில் வேறு பெயர். பெரிய நகரங்களில் முன்பதிவு கிடைக்கவே சில வாரம் ஆகும். அதனால் வீட்டு ஒப்பந்தம் கையில் வந்த அன்றே, விமானம் ஏறும் முன்பே, இணையத்தில் நேரம் பிடித்துவிடுங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் காலை அலுவலகம் திறக்கும் நேரத்தில் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பாருங்கள். யாராவது ரத்து செய்த இடம் அப்போது வரும். இரண்டு வாரம் தாண்டிவிட்டாலும், பிடித்த நேரத்தின் உறுதிச்சீட்டு கையில் இருந்தால் பொதுவாக யாரும் கேள்வி கேட்பதில்லை.

எடுத்துப் போக வேண்டியவை: பாஸ்போர்ட், விசா, நிரப்பிய பதிவுப் படிவம், அப்புறம் வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியேற்ற உறுதிச்சீட்டு. இந்தக் கடைசிக் காகிதத்தின் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். சொல்லிப் பழகக்கூட வேண்டாம், தாளில் எழுதிக் காட்டுங்கள். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், இந்தத் தனித்தாள் கட்டாயம். அதைத் தருவது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. இதற்கென்று பணம் கேட்டால் அந்த ஆளை நம்ப வேண்டாம். குடியிருக்காத வீட்டுக்கு முகவரி விற்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி முகவரி தருபவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் போடச் சட்டத்தில் இடம் உண்டு, நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள்.

பதிவுப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் வரும். நம் ஊர்ப் படிவம் போல யோசிக்காமல் எழுதிவிடாதீர்கள். கத்தோலிக்கம் அல்லது எவாங்கலிக்கம் (புராட்டஸ்டன்ட்) என்று பதிந்தால் சம்பளத்திலிருந்து தேவாலய வரி பிடிப்பார்கள். வருமான வரித் தொகையில் பவேரியாவிலும் பாடன் வூர்ட்டம்பெர்க்கிலும் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9 சதவீதம். என்ன பதிகிறோம் என்று தெரிந்து செய்தால் சரி.

பதிவு முடிந்ததும் அங்கேயே ஒரு தாள் தருவார்கள், அது இலவசம். அதைப் பத்திரமாக வையுங்கள். பிறகு போய்த் தனிச் சான்று கேட்டால் கட்டணம் உண்டு. தாளை வாங்கியதும் நகராமல் நின்று பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் பாருங்கள். ஒரு எழுத்து தவறினால் அங்கேயே திருத்திவிடுவார்கள், வீட்டுக்கு வந்துவிட்டால் மறுபடி முன்பதிவு.

பதிவு செய்த இரண்டு மூன்று வாரத்தில் 11 இலக்க வரி எண் தானாகத் தபாலில் வரும். ஷ்டாயர் ஐடி என்பார்கள். வாழ்நாள் முழுதும் ஒரே எண்தான். இதுவும் சர்நேம் ஒட்டிய பெட்டிக்குத்தான் வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கூடவே இன்னொரு கடிதமும் வரும்: வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம், ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. ஏமாற்றுக் கடிதம் என்று நினைத்து நான் கிழித்துப் போட்டேன். அது உண்மையானது. உங்களோடு தங்குபவர் ஏற்கெனவே கட்டுகிறார் என்றால் அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதினால் போதும்.

4. எந்த வங்கி?

நீங்கள் கேட்க வேண்டியது நடப்புக் கணக்கு. அதன் பெயர் ஜீரோகோன்டோ. காதில் ஜீரோ என்று விழுந்தாலும் பூஜ்யத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜீரோ பேலன்ஸ் அக்கவுண்ட் என்று நினைத்துக்கொண்டு போன ஆளை எனக்குத் தெரியும்.

வங்கிகள் மூன்று வகை. ஊர் தோறும் கிளை வைத்திருக்கும் சேமிப்பு வங்கியான ஷ்பார்காஸ, கூட்டுறவு வங்கியான ஃபோல்க்ஸ்பாங்க் ஆகியவை ஒரு வகை. நாடு முழுவதும் கிளை உள்ள பெரிய தனியார் வங்கிகள் இரண்டாவது. கிளையே இல்லாமல் இணையத்திலும் ஆப்பிலும் மட்டும் நடப்பவை மூன்றாவது.

கிளை வங்கியில் மாதக் கட்டணம் இருக்கும், மாணவர்களுக்குப் பல இடங்களில் விலக்கு உண்டு. நேரில் பாஸ்போர்ட்டைக் காட்டி முடிக்கலாம் என்பது அதன் பெரிய வசதி. இணைய வங்கியில் கட்டணம் இல்லை என்பார்கள், சிறிய எழுத்தைப் படித்தால் மாதம் 700 அல்லது 1,000 யூரோ உள்ளே வர வேண்டும் என்று இருக்கும். மாணவருக்கு பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதம் 992 யூரோதான் வருகிறது. எட்டு யூரோ குறைவால் கட்டணம் கட்டிய ஆட்களும் உண்டு. வயது குறைந்தவர்களுக்கு இந்த நிபந்தனை தளர்வதும் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

என் யோசனை: முதல் கணக்கைத் தேர்ந்தெடுக்கும்போது எதையும் ஒப்பிட்டுக்கொண்டு உட்காராதீர்கள். எது சீக்கிரம் ஐபான் எண் (சர்வதேச வங்கிக் கணக்கு எண்) தருகிறதோ அதைத் திறங்கள். ஆறு மாதம் கழித்து, குடியிருப்பு அனுமதி அட்டையும் சம்பளச் சீட்டும் கையில் இருக்கும்போது நல்ல கணக்குக்கு மாறிக்கொள்ளலாம். மாறும்போது பழைய வங்கியும் புதிய வங்கியும் உதவ வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நான் நாலு வங்கியின் கட்டணப் பட்டியலை எக்செல்லில் போட்டு ஒரு வாரம் ஆராய்ச்சி செய்தேன். கடைசியில் எந்த வங்கி என் பாஸ்போர்ட்டை ஏற்றதோ அதில்தான் திறந்தேன்.

விண்ணப்பிக்கும் முன் வாடிக்கையாளர் சேவையில் கேட்டுவிட வேண்டியவை நான்கு. இந்தியப் பாஸ்போர்ட்டை எந்த வழியில் சரிபார்ப்பீர்கள்? ஒட்டிய விசா போதுமா, அனுமதி அட்டை வந்தாக வேண்டுமா? வரி எண்ணைப் பிறகு தரலாமா? எந்த ஏடிஎம்மில் இலவசமாக எடுக்கலாம்? கடைசிக் கேள்வியை லேசாக எடுக்காதீர்கள். வேறு குழுமத்தின் ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் சில யூரோ போகும், ரொக்கம் மட்டும் வாங்கும் கடைகள் இங்கே இன்னும் இருக்கின்றன.

சில ஆப் வங்கிகள் வேறு ஐரோப்பிய நாட்டின் ஐபான் தரும். ஜெர்மன் ஐபான் டிஇ என்று தொடங்கி 22 எழுத்து எண்கள் கொண்டது. எல்டி என்று தொடங்கினால் அது லித்துவேனியாவுடையது. எந்த நாட்டு ஐபானாக இருந்தாலும் யூரோ வட்டாரத்தில் மறுக்கக் கூடாது என்பது ஐரோப்பியச் சட்டம். நடைமுறையில், டிஇ தவிர வேறு எதையும் ஏற்காத பழைய படிவங்களோடு சண்டை போட உங்களுக்கு முதல் மாதத்தில் தெம்பு இருக்காது.

5. விண்ணப்பப் படிவம்

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பாஸ்போர்ட், விசா அல்லது அனுமதி அட்டை, ஆன்மெல்டுங் தாள், ஜெர்மன் கைபேசி எண், மாணவர் என்றால் சேர்க்கைச் சான்று, வேலை என்றால் ஒப்பந்தம். வரி எண் வந்திருந்தால் அதுவும்.

குழப்பும் கேள்விகள் இரண்டு. வரி விஷயத்தில் எந்த நாட்டுக் குடியிருப்பாளர் என்று கேட்பார்கள். இது குடியுரிமைக் கேள்வி அன்று, இந்தியா என்று கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. இங்கே குடியேறி, இங்கேயே வாழத் தொடங்கியவருக்குப் பதில் ஜெர்மனி. அமெரிக்காவில் வரி கட்ட வேண்டியவரா என்பது அதே பக்கத்தில் வரும், தொடர்பில்லாதவர்கள் இல்லை என்று போட்டுவிட்டு நகரலாம்.

இரண்டாவது, ஷூஃபா என்ற கடன் தகவல் நிறுவனத்தோடு விவரம் பகிரச் சம்மதம். புதிதாக வந்தவருக்கு அங்கே ஒரு வரிகூட இருக்காது. வரலாறு இல்லை என்பது கெட்ட வரலாறு ஆகாது. ஆனால் அதனால் ஓவர்டிராஃப்டும் (கணக்கில் இருப்பதைவிட அதிகம் எடுக்கும் வசதி) கிரெடிட் கார்டும் முதலில் கிடைக்காது. நல்லதுதான். ஓவர்டிராஃப்ட் வட்டி இங்கே கடுமையானது, டிஸ்போ, அதாவது ஓவர்டிராஃப்ட், வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று விடுங்கள்.

6. அடையாளச் சரிபார்ப்பு

பெரும்பாலோர் இடறி விழும் இடம் இதுதான். வழிகள் நான்கு.

வீடியோ அழைப்பு: ஒரு ஊழியர் கேமரா முன் பாஸ்போர்ட்டை அப்படியும் இப்படியும் சாய்க்கச் சொல்லி சாய்த்தால் மின்னும் பாதுகாப்புக் குறியீடுகளைப் பார்ப்பார். பத்து நிமிட வேலை. இந்தியப் பாஸ்போர்ட்டை இந்த வழியில் ஏற்காத வங்கிகள் உண்டு. அழைப்பில் அரை மணி காத்திருந்து, கடைசியில் 'இந்த ஆவணம் பட்டியலில் இல்லை' என்று என் அழைப்பு துண்டிக்கப்பட்டது. இரண்டு முறை. மூன்றாவது முறையும் முயல்வது வீண், பட்டியல் மாறாது.

தபால் நிலையம்: போஸ்ட்ஐடென்ட். வங்கி ஒரு சீட்டு அல்லது கியூஆர் குறியீடு அனுப்பும். அதையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு எந்தத் தபால் நிலையத்துக்கும் போகலாம், உங்களுக்குக் கட்டணமில்லை. பாஸ்போர்ட்டில் முகவரி இல்லாததால் ஆன்மெல்டுங் தாளையும் கொண்டு போங்கள். பல இடங்களில் தபால் நிலையம் என்பது சிகரெட், லாட்டரிச் சீட்டு விற்கும் கடையின் ஒரு மூலைதான். அங்கிருப்பவர் பெயரைத் தட்டச்சு செய்யும்போது திரையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். சர்நேமும் கிவன் நேமும் இடம் மாறுவது அங்கேதான்.

கிளை: முன்பதிவு செய்து நேரில் போவது. மெதுவானது, ஆனால் எந்தச் சிக்கலையும் அங்கேயே பேசித் தீர்க்கலாம். ஜெர்மன் தெரிந்த ஒருவர் கூட வந்தால் நல்லது. கட்டாயமில்லை.

அனுமதி அட்டையின் மின்னணு அடையாளம்: குடியிருப்பு அனுமதி பிளாஸ்டிக் அட்டையாக வந்தபின், அதன் சில்லைக் கைபேசியில் தொட்டு ஆறு இலக்க எண் போட்டால் முடிந்தது. எல்லாவற்றிலும் எளிது இதுதான், ஆனால் அட்டை வரவே மாதக்கணக்கில் ஆகும். முதல் கணக்குக்கு உதவாது.

7. வரிசையாக வரும் கடிதங்கள்

கணக்கு திறந்தாயிற்று என்று மின்னஞ்சல் வந்ததும் கொண்டாடிவிடாதீர்கள். அட்டை ஒரு கடிதத்தில் வரும், அதன் ரகசிய எண் வேறொரு நாளில் வேறொரு கடிதத்தில் வரும், ஆப்பை இயக்கும் குறியீடு மூன்றாவது கடிதத்தில். எல்லாம் சேர ஒன்றிரண்டு வாரம். உறைகள் சாதாரணமாக இருக்கும், விளம்பரத் தாளோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட வாய்ப்பு அதிகம். இந்த இரண்டு வாரத்தில் வீடு மாறாதீர்கள். மாறியே ஆக வேண்டுமென்றால் தபாலைப் புது முகவரிக்குத் திருப்பிவிடும் சேவை உண்டு, காசு கட்ட வேண்டும், வங்கி அட்டைகள் அதில் வராமல் போவதும் உண்டு.

இரண்டு வாரம் தாண்டியும் வரவில்லை என்றால் வங்கியை அழைத்து 'திரும்பி வந்ததா' என்று நேரடியாகக் கேளுங்கள். நான் கேட்கவில்லை, தபால் தாமதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அட்டையில் இரண்டு வகை. ஜீரோகார்டு என்பது ஜெர்மனிக்குள் மட்டும் நன்றாக ஓடும், சில சிறிய கடைகள் அதை மட்டும்தான் ஏற்கும். விசா அல்லது மாஸ்டர்கார்டு டெபிட் அட்டை இணையத்திலும் வெளிநாட்டிலும் ஓடும். இரண்டில் எது இலவசம், எதற்குத் தனிக் கட்டணம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முழு வரிசைக்கும் எவ்வளவு நாள்? எல்லாம் நேராகப் போனால் மூன்று வாரம். முன்பதிவு கிடைக்காவிட்டால் ஐந்து. பெட்டியில் பெயர் தவறென்றால் என்னைப் போல ஆறு, அதற்கு மேலும்.

8. ஐபான் வந்த அன்று

கடிதங்களுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஐபான் மின்னஞ்சலிலோ ஆப்பிலோ தெரிந்த உடனே பிளாக்டு அக்கவுண்ட் நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுங்கள். அவர்களும் ஆவணம் கேட்டுச் சில நாள் எடுப்பார்கள். வேலைக்கு வந்தவர்கள் மனிதவளத் துறைக்கு மாத நடுவுக்கு முன் அனுப்புங்கள். சம்பளப் பட்டியல் மூடிவிட்டால் அடுத்த மாதம்தான்.

கணக்கின் பெயரும் நீங்கள் அவர்களிடம் தரும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். 2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாட்டு வங்கிகள் பணம் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரும் ஐபானும் பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பொருந்தவில்லை என்று திரையில் வந்தால் அனுப்புபவர் பயந்து நிறுத்திவிடுவார். அதே தேதி முதல் பத்து நொடியில் போய்ச் சேரும் உடனடிப் பரிமாற்றத்தையும் அவர்கள் தர வேண்டும், சாதாரணப் பரிமாற்றத்தைவிட அதிகக் கட்டணம் வாங்கக் கூடாது.

மருத்துவக் காப்பீடு, கைபேசி, ஜிம் எல்லாரும் கேட்பது லாஸ்ட்ஷ்ரிஃப்ட், அதாவது அவர்களே உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள அனுமதி. முதலில் எனக்கு நெஞ்சு படபடத்தது, என் கணக்கில் இன்னொருவர் கை வைப்பதா என்று. ஆனால் இதில் பாதுகாப்பு நம் பக்கம்தான். எடுத்த நாளிலிருந்து 8 வாரத்துக்குள் காரணமே சொல்லாமல் பணத்தைத் திருப்பி வாங்கலாம். அனுமதியே தராமல் எடுத்திருந்தால் 13 மாதம் வரை. கணக்கில் பணம் இல்லாமல் லாஸ்ட்ஷ்ரிஃப்ட் திரும்பினால் மட்டும் அபராதமும் எச்சரிக்கைக் கடிதமும் வரும். வாடகைக்கு மாதாமாதம் தானாகப் போகும் நிலை உத்தரவு போட்டுவிடுங்கள்.

9. வங்கி மறுத்தால்

ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் எவருக்கும் அடிப்படைக் கணக்கு பெறும் உரிமை ஜெர்மனியில் 2016 முதல் உண்டு. பாஸிஸ்கோன்டோ என்று பெயர். நிலையான முகவரி இல்லாதவர்களுக்கும் புகலிடம் கோருபவர்களுக்கும்கூட உண்டு. அதற்கென்றே தனிப் படிவம் இருக்கிறது. 'ஒரு கணக்கு வேண்டும்' என்று பொதுவாகக் கேட்டால் வங்கி மறுக்கலாம். 'பாஸிஸ்கோன்டோ வேண்டும்' என்று அந்தப் படிவத்தைக் கொடுத்தால் 10 வேலை நாளுக்குள் திறக்க வேண்டும், அல்லது எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஜெர்மனியில் உங்களுக்குக் கணக்கு இருப்பது போன்ற சில காரணங்களை மட்டுமே சட்டம் ஏற்கிறது. ஷூஃபா மோசம் என்பது அதில் இல்லை. காரணம் சரியில்லை என்று பட்டால் நிதிக் கண்காணிப்பு ஆணையமான பாஃபினிடம் முறையிடலாம்.

கட்டணம் சாதாரணக் கணக்கைவிட அதிகமாக இருக்கலாம், ஓவர்டிராஃப்ட் கிடையாது. ஆனால் அட்டை, பரிமாற்றம், லாஸ்ட்ஷ்ரிஃப்ட் எல்லாம் உண்டு. 

10. புதிதாக வந்தவரைத் தேடி வரும் வலைகள்

பகுதி நேர வேலை என்று விளம்பரம் வரும்: வங்கி ஆப்களைச் 'சோதித்து' அறிக்கை எழுத வேண்டும், ஒரு சோதனைக்கு இவ்வளவு காசு. சோதனை என்ற பெயரில் உங்களை வீடியோ சரிபார்ப்பு செய்ய வைப்பார்கள். சோதனை ஒன்றும் இல்லை, உங்கள் பெயரில் உண்மையான கணக்கு திறந்துவிடும், கடவுச்சொல் அவர்கள் கையில். பிறகு அந்தக் கணக்கில் புழங்கும் திருட்டுப் பணத்துக்குக் காவல்துறை தேடி வருவது உங்களை. இதன் தம்பி இன்னொன்று: 'உன் கணக்கில் பணம் போடுகிறேன், பத்து சதவீதம் எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பு.' தெரிந்த முகமாக, நம் மொழி பேசுபவராகவே இருந்தாலும் வேண்டாம்.

வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டச் சட்டம் அனுமதிக்கிறது. உடனடிப் பரிமாற்றத்தில் போன பணம் திரும்பாது.

11. பிறகு செய்ய வேண்டிய சில்லறை வேலைகள்

மாதாமாதம் கணக்கு அறிக்கையைப் பிடிஎஃப்பாக இறக்கி ஒரு கோப்புறையில் போட்டு வையுங்கள். விசா நீட்டிப்பின்போது கேட்பார்கள். கணக்கை மூடிவிட்டால் ஆப்பும் மூடிவிடும், பழைய அறிக்கையை எடுக்க முடியாது.

சேமிப்புக்கு வட்டி வரத் தொடங்கினால் வங்கி ஆப்பில் விலக்கு உத்தரவு ஒன்று போடுங்கள். தனி ஆளுக்கு ஆண்டுக்கு 1,000 யூரோ வரை வட்டி வருமானத்தில் வரி பிடிக்க மாட்டார்கள். போடாவிட்டால் முதல் யூரோவிலிருந்தே பிடிப்பார்கள்.

ஊரில் உள்ள சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான கணக்கு) மாற்ற வேண்டும் என்பது இந்தியாவின் அந்நியச் செலாவணி விதி. அதை ஆறப்போடாதீர்கள், ஆனால் இங்கே முதல் மாதத்தில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் அளவுக்கு அவசரமும் இல்லை.

வீடு மாறினால் மறுபடி ஆன்மெல்டுங், பிறகு வங்கியில் முகவரி மாற்றம். மாற்றாவிட்டால் புது அட்டை தானாகப் பழைய முகவரிக்குப் போய்விடும். புது வீட்டுப் பெட்டியில் மறுபடி பெயர் ஒட்ட வேண்டும். என் பெட்டியில் இப்போது என் பெயரும் அப்பா பெயரும் இரண்டு வரியில் இருக்கின்றன. கீழ்வீட்டுப் பாட்டி நாங்கள் இரண்டு பேர் குடியிருக்கிறோம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.